பர்னாந்து: ஒரு பெயரின் வரலாறு

பர்னாந்து, பர்னாண்டோ, பெர்னாண்டோ என்று பலவாறாக எழுதப்படும் பெயர், தூத்துக்குடியை ஒட்டிய கடற்கரை ஊர்களிலும், இலங்கையின் மேற்குக் கரையில் சிலாபம், நீர்கொழும்பு, கொழும்பு, மொறட்டுவை ஆகிய இடங்களிலும் குடும்பப்பெயராக வழங்குகிறது. இதைப் போர்த்துக்கீசியப் பெயர் என்பார்கள். இந்தக் கரைகளுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர் என்ற அளவில் அது சரியே. ஆனால் போர்த்துக்கீசியம் என்ற மொழி உருவாவதற்கு முன்பே இந்தப் பெயர் இருந்தது. அதன் இரண்டு உறுப்புகளும் கோத்து மொழிக்கு உரியவை. அந்த மொழி அழிந்த பிறகு பெயரை ஏடுகளில் எழுதிக் காத்தது லத்தீன். ஐரோப்பாவிலும் சரி, தமிழ்க் கடற்கரையிலும் சரி, இந்தப் பெயரைக் கொண்டுவந்தவர்கள் சிலர். அதைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டவர்கள் மிகப் பலர். ஏற்றுக்கொண்டவர்களால்தான் பெயர் நிலைத்தது.

கோத்து மொழி

கோத்துகள் ஜெர்மானிய மக்கள். கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் கருங்கடலுக்கு வடக்கேயும் தன்யூப் ஆற்றின் வடகரையிலும் வாழ்ந்தார்கள். அவர்களுடைய மொழி ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் கிழக்குக் கிளையைச் சேர்ந்தது. ஆங்கிலமும் ஜெர்மனும் சுவீடிஷும் அதே குடும்பத்தின் வேறு கிளைகள். கிழக்குக் கிளையில் இன்று பேசப்படும் மொழி ஒன்றுகூட இல்லை.

அந்த மொழியைப் பற்றி இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதிக்கு உல்ஃபிலா என்ற ஆயர்தான் காரணம். 4ஆம் நூற்றாண்டில் அவர் கிரேக்க எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டு, லத்தீன் எழுத்துகளும் ரூனிக் எழுத்துகளும் சில சேர்த்து, கோத்து மொழிக்கென்று நெடுங்கணக்கு ஒன்றை அமைத்தார். விவிலியத்தைக் கிரேக்கத்திலிருந்து அந்த எழுத்தில் மொழிபெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்பின் புகழ்பெற்ற படி ‘வெள்ளிச் சுவடி’ எனப்படுகிறது. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிழக்குக் கோத்துகள் இத்தாலியை ஆண்டபோது, ரவென்னா நகரில் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. ஊதாச் சாயம் தோய்த்த தோல் ஏடுகளில் வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதியிருக்கிறார்கள். 336 ஏடுகளில் இன்று எஞ்சியிருப்பவை 188. அவற்றில் 187 சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. எஞ்சிய ஒரே ஏடு 1970இல் ஜெர்மனியின் ஸ்பையர் பேராலயத்தில் கிடைத்தது.

பர்னாந்து என்ற பெயரின் பழைய வடிவம் இந்தச் சுவடியில் இல்லை. ஆனால் அந்தப் பெயரை ஆக்கிய வேர்ச்சொற்கள் இதிலும் எஞ்சியிருக்கும் பிற கோத்து ஏடுகளிலும் இருக்கின்றன. பெயரின் பொருளைத் தேடுவோர் இந்த ஏடுகளுக்கு வருவது அதனால்தான்.

இரண்டு உறுப்புகளும் அவற்றின் பொருளும்

பழைய ஜெர்மானிய மக்களின் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களைச் சேர்த்து ஆனவை. தியோதொரிக் என்ற பெயரில் ‘மக்கள்’, ‘அரசன்’ என்ற இரு சொற்கள் இருக்கின்றன. ரொட்ரிகோ என்பதில் இருப்பவை ‘புகழ்’, ‘அரசன்’. இந்தச் சொற்கள் ஒரு தொகுதியாகக் கையிருப்பில் இருந்தன. பெற்றோர் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் வைத்துப் பிள்ளைக்குப் பெயர் இட்டார்கள். தந்தையின் பெயரிலிருந்து ஓர் உறுப்பையும் தாய்வழி உறவினர் பெயரிலிருந்து இன்னொன்றையும் எடுத்துச் சேர்ப்பதும் உண்டு. அப்படிச் சேர்க்கும்போது இரண்டும் இணைந்து ஒரே பொருள் தர வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் நற்சொல்லாக இருந்தால் போதும்.

பர்னாந்து என்ற பெயரின் பின்னுறுப்பு ‘நன்த்’. இதன் பொருள் துணிவு. இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. மாற்கு நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் இந்த வேர் வருகிறது. இயேசு இறந்த பின், அரிமத்தேயாவைச் சேர்ந்த யோசேப்பு ஆளுநர் பிலாத்துவிடம் சென்று உடலைக் கேட்கிறார். அவர் அஞ்சாமல் உள்ளே சென்றார் என்பதைச் சொல்ல உல்ஃபிலா பயன்படுத்திய வினை ‘அனநன்த்யன்’: துணிதல். ஸ்பெயினை 631 முதல் 636 வரை ஆண்ட விசிகோத்து அரசன் சிசெனந்தின் பெயரிலும் இதே பின்னுறுப்பு இருக்கிறது.

முன்னுறுப்பு பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, அது ‘ஃப்ரித்’, அதாவது அமைதி அல்லது காவல் என்பது. பவுலின் திருமுகங்களின் கோத்து மொழிபெயர்ப்பில் ‘ஒப்புரவாக்குதல்’ என்பதற்கு வரும் ‘கஃப்ரித்தோன்’ என்ற வினையில் இந்த வேர் இருக்கிறது. மிலான் நகரில் காக்கப்படும் கோத்து நாட்காட்டித் துண்டு ஒன்று தியாகிகளின் நினைவுநாளைக் குறிக்கிறது. அதில் ஃப்ரிதரைக்ஸ் என்ற பெயர் காணப்படுகிறது. பின்னாளில் ஃபிரெடரிக் என்று ஐரோப்பா முழுதும் பரவிய பெயர் அது. ஆகவே ‘ஃப்ரித்’ என்ற சொல்லைக் கோத்துகள் பெயர்களில் வைத்தார்கள் என்பதற்கு அவர்களுடைய மொழியிலேயே சான்று இருக்கிறது.

மற்றொரு கருத்தின்படி முன்னுறுப்பு பயணத்தைக் குறிக்கும் ‘ஃபார்தி’. ‘ஃபார்யன்’ என்ற கோத்து வினைக்குச் செல்லுதல், படகில் செல்லுதல் என்று பொருள். யோவான் நற்செய்தியில் சீடர்கள் புயற்காற்றில் ஏரியின் குறுக்கே தண்டு வலித்துச் செல்லும் இடத்தில் இந்த வினை வருகிறது. ‘துணிந்து பயணம் செய்பவன்’ என்று பல பெயர் அகராதிகள் தரும் விளக்கம் இந்தக் கருத்தைச் சார்ந்தது.

இரண்டில் எது என்று பார்க்க மிகப் பழைய ஆவணங்கள் உதவுகின்றன. ஸ்பெயினின் 9, 10ஆம் நூற்றாண்டு லத்தீன் ஆவணங்களில் இந்தப் பெயர் ‘ஃபிரெதெனாந்துஸ்’, ‘ஃபிரெதினாந்துஸ்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. ரகரம் முதல் உயிருக்கு முன்னால் நிற்கிறது. ‘ஃப்ரித்’ என்ற சொல்லில் அது நிற்கும் இடமும் அதுவே. பின்னர் ரகரம் உயிருக்குப் பின்னால் இடம் மாறி ‘ஃபெர்தெனாந்துஸ்’, ‘ஃபெர்தினாந்துஸ்’ ஆகியது. நடுவில் இருந்த அசை மறைந்து ‘ஃபெர்னாந்தோ’ பிறந்தது. இந்த வரிசையை வைத்துப் பார்த்தால், ‘அமைதி’, ‘துணிவு’ என்ற இரு சொற்களின் சேர்க்கை என்ற விளக்கத்துக்கே வலு அதிகம்.

லத்தீன் ஏடுகளில்

376இல் ஹூணர்களுக்கு அஞ்சிக் கோத்துகளில் ஒரு பிரிவினர் தன்யூப் ஆற்றைக் கடந்து ரோமப் பேரரசுக்குள் வந்தார்கள். 410இல் அலாரிக்கின் தலைமையில் ரோம் நகரையே சூறையாடினார்கள். 418இல் இன்றைய தென்மேற்கு பிரான்சில் குடியமர்ந்தார்கள். 507இல் பிராங்குகளிடம் தோற்ற பின் அவர்களுடைய ஆட்சி ஸ்பெயினுக்கு நகர்ந்து, தொலேதோ நகரம் தலைநகரமாயிற்று. இவர்களே விசிகோத்துகள்.

ஸ்பெயின் அதற்குள் பல நூற்றாண்டுகளாக ரோமர் ஆண்ட நாடு. மக்கள் லத்தீன் பேசினார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் கோத்துகள் சிறுபான்மையினரே. தொடக்கத்தில் இரு சாராருக்கும் இடையே இரண்டு தடைகள் இருந்தன. கோத்துகள் ஆரியுஸ் என்பவரின் கொள்கையைப் பின்பற்றிய கிறிஸ்தவர்கள். உள்ளூர் மக்கள் கத்தோலிக்கர். இரு இனத்தாரும் மணவுறவு கொள்வதையும் சட்டம் தடுத்தது. மணத்தடையை அரசன் லியோவிகில்து 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீக்கினான். அவன் மகன் ரெக்கரேது 589இல் தொலேதோவில் கூடிய மூன்றாம் திருச்சங்கத்தில் கத்தோலிக்க நம்பிக்கையை அறிக்கையிட்டான். 654இல் இரு சாராருக்கும் ஒரே சட்டத் தொகுப்பு வந்தது.

இந்த இணைப்பில் கோத்து மொழி முற்றிலும் கரைந்துபோனது. ஆரியுஸின் கொள்கையைப் பின்பற்றியோரின் வழிபாட்டு மொழியாக அதற்கு இருந்த கடைசி இடமும் 589க்குப் பிறகு இல்லாமல் போயிற்று. இன்றைய ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் கோத்து மொழியிலிருந்து நேரே வந்த சொற்கள் மிகக் குறைவு. பெயர்கள் மட்டும் எதிர்த்திசையில் பரவின. அரசரும் பிரபுக்களும் வைத்த பெயர்களை லத்தீன் பேசிய குடும்பங்களும் தம் பிள்ளைகளுக்கு வைத்தன. 711இல் வடக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் படைகளிடம் விசிகோத்து அரசு வீழ்ந்த பிறகும் வடக்கில் எஞ்சிய சிறு கிறிஸ்தவ அரசுகளில் இந்த வழக்கம் பெருகியது. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் கலீசியாவிலும் வட போர்த்துக்கலிலும் எழுதப்பட்ட நில ஆவணங்களில் சாட்சிகளாகக் கையெழுத்திட்டோர் பலரின் பெயர்கள் கோத்துப் பெயர்களே. கோத்து மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர்கள் அவர்கள். ஊர்ப்பெயர்களிலும் அந்தச் சுவடு இருக்கிறது. போர்த்துக்கலின் கிமரையிஸ் நகரம் விமாரா என்பவரின் பெயரால் ஆனது.

பெயர்களை எழுதியவர்கள் துறவிகளும் எழுத்தர்களும். அவர்கள் எழுதியது லத்தீன். கோத்து மொழியில் நாக்கு நுனியைப் பல்லுக்கிடையே வைத்து ஒலிக்கும் தகரம் ஒன்று இருந்தது. அதற்கு உல்ஃபிலா தனி எழுத்தே வைத்திருந்தார். லத்தீனில் அந்த ஒலி இல்லாததால், பெரும்பாலும் மெல்லிய தகரத்தால் எழுதினார்கள். அப்படித்தான் ‘ஃப்ரித்’ என்பது ‘ஃபிரெதெ’ ஆகவும், ‘நன்த்’ என்பது ‘நாந்த்’ ஆகவும் மாறின. வாக்கியத்தில் வேற்றுமை ஏற்பதற்காக ‘உஸ்’ என்ற லத்தீன் ஆண்பால் விகுதியைச் சேர்த்தார்கள். பேச்சில் அந்த விகுதி ‘ஓ’ என்று தேய்ந்தது. பர்னாண்டோ என்பதன் கடைசி ஓகாரம் கோத்து மொழிக்கு உரியது அல்ல. லத்தீன் விகுதியின் எச்சம்.

தந்தை பெயரைச் சேர்த்துச் சொல்லும் முறையும் இந்த ஆவணங்களில் உருவானது. இன்னாரின் மகன் என்பதைக் குறிக்கப் பெயரின் ஈற்றில் ‘இஸ்’ என்ற விகுதியைச் சேர்த்தார்கள். லத்தீன் ஆறாம் வேற்றுமையிலிருந்து அது வந்தது என்று பலரும் கருதுகிறார்கள். கஸ்தீல் நாட்டின் பெருந்தலைவரான ஃபெர்னான் கொன்சாலெஸ், 10ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ‘ஃபிரெதெனாந்துஸ் குந்திசால்விஸ்’ என்று வருகிறார்: கொன்சாலோவின் மகன் ஃபெர்னாந்தோ. இந்த விகுதியே ஸ்பானியத்தில் ஃபெர்னாந்தெஸ், எர்னாந்தெஸ் என்ற குடும்பப்பெயர்களையும், போர்த்துக்கீசியத்தில் ஃபெர்னாந்திஸ் என்ற குடும்பப்பெயரையும் தந்தது.

அரசர்களும் ஒரு புனிதரும்

970இல் இறந்த அந்த ஃபெர்னான் கொன்சாலெசின் தந்தை பெயர் கொன்சாலோ ஃபெர்னாந்தெஸ். அதாவது பாட்டன் பெயர் பேரனுக்கு வந்திருக்கிறது. தமிழ்க் குடும்பங்களுக்கு நன்கு தெரிந்த இந்த வழக்கம்தான் பெயரை அரச குடும்பத்துக்கும் கொண்டுசென்றது. ஃபெர்னானின் கொள்ளுப்பேத்தி நவாரே அரசனை மணந்தாள். அவர்களுடைய மகனுக்குத் தாய்வழி முன்னோரின் பெயரை வைத்தார்கள். அவனே 1037இல் லியோன் நாட்டின் அரசனான முதலாம் ஃபெர்னாந்தோ. பெயர் முடியேறியது அவனால்தான்.

12ஆம் நூற்றாண்டு தொடங்கி ஐரோப்பாவில் புனிதர்களின் பெயர்களை வைக்கும் வழக்கம் ஓங்கியது. பேதுரு, யோவான், தொமினிக் போன்ற பெயர்கள் பெருகப் பெருக, நூற்றுக்கணக்கான கோத்துப் பெயர்கள் வழக்கொழிந்தன. ஃபெர்னாந்தோ, அல்ஃபோன்சோ, ரொட்ரிகோ, கொன்சாலோ, அல்வாரோ போன்ற சில மட்டுமே பெருவழக்காக எஞ்சின. அரச குடும்பங்களும் பெருங்குடிகளும் அவற்றைத் தலைமுறை தவறாமல் வைத்துவந்தது அதற்கு முக்கியக் காரணம்.

மூன்றாம் ஃபெர்னாந்தோ 1217இல் கஸ்தீலுக்கும் 1230இல் லியோனுக்கும் அரசனாகி இரு நாடுகளையும் ஒன்றாக்கினான். 1236இல் கோர்தோபாவையும் 1248இல் செவில்லையும் முஸ்லிம் அரசர்களிடமிருந்து கைப்பற்றினான். 1252இல் இறந்த அவனுடைய கல்லறை செவில் பேராலயத்தில் இருக்கிறது. அதன் வாசகம் லத்தீன், கஸ்தீலியம், அரபு, எபிரேயம் என்ற நான்கு மொழிகளில் பொறிக்கப்பட்டது. அன்றைய நாட்டில் வழங்கிய மொழிகள் அவை. 1671இல் திருச்சபை அவனைப் புனிதனாக அறிவித்தது. அதோடு இந்தப் பெயருக்குத் திருச்சபை நாட்காட்டியிலும் இடம் கிடைத்தது.

அதற்கு முன்பே இந்தப் பெயரோடு பிறந்த ஒருவர் புனிதராகியிருந்தார். ஆனால் உலகம் அவரை அந்தப் பெயரால் அறியாது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் லிஸ்பனில் பிறந்த அவருக்குத் திருமுழுக்கில் இட்ட பெயர் ஃபெர்னாந்தோ. 1220இல் கொயிம்ப்ராவில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது, பழங்கால எகிப்தியத் துறவி வனத்து அந்தோனியாரின் பெயரை ஏற்றார். அவரே பதுவைப் புனித அந்தோனியார். அந்தோனி என்பது பழைய ரோமக் குலம் ஒன்றின் பெயர். ஆக, கோத்துப் பெயரோடு பிறந்தவர் ரோமப் பெயரால் புகழ்பெற்றார். லிஸ்பன் மக்கள் இரண்டு பெயர்களையும் மறக்கவில்லை. அந்தோனியாரின் திருநாளான ஜூன் 13ஆம் நாள், 1888இல் அந்நகரில் பிறந்த கவிஞர் பெசோவாவுக்கு ஃபெர்னாந்தோ அந்தோனியோ என்று இரண்டையும் சேர்த்தே பெயர் வைத்தார்கள்.

கிளைகளும் கடற்பயணங்களும்

பெயர் பரவிய இடத்தின் ஒலிப்பழக்கத்துக்கு ஏற்ப மாறியது. கஸ்தீலியத்தில் சொல்முதல் ஃபகரம் ஹகரமாகி, பிறகு அதுவும் மறைந்தது. அதனால் எர்னாந்தோ, எர்னான் என்ற வடிவங்கள் உண்டாயின. மெக்சிகோவை வென்ற எர்னான் கொர்த்தெசின் பெயர் இதுவே. கத்தலானில் ஃபெரான், இத்தாலியில் ஃபெர்ரான்தெ, ஃபெர்தினாந்தோ, பிரெஞ்சில் ஃபெர்னான் என வழங்கியது. அந்தலூசியாவின் அரபு வரலாற்றாசிரியர்கள் நகரத்தை லகரமாக்கி ஃபர்தலந்து என்ற வகையில் எழுதினார்கள்.

அரகோன் அரசன் இரண்டாம் ஃபெர்தினாந்து, அரசி இசபெல்லாவுடன் சேர்ந்து 1492இல் கொலம்பசை அனுப்பியவர். அவருடைய பேரனும் பாட்டன் பெயரைத் தாங்கி 1503இல் ஸ்பெயினில் பிறந்தான், அங்கேயே வளர்ந்தான், பின்னர் ஆஸ்திரியாவுக்குச் சென்று, 1526இல் பொகேமியாவுக்கும் ஹங்கேரிக்கும் அரசனாகி, 1550களில் புனித ரோமப் பேரரசனானான். ஜெர்மானிய நாடுகளில் ஃபெர்டினாந்து என்ற பெயர் பெருவழக்கானது அவனுக்குப் பிறகுதான். ஜெர்மானிய வேரில் பிறந்த பெயர், ஸ்பெயினில் லத்தீன் வடிவம் பெற்று, ஆயிரம் ஆண்டு கழித்து ஜெர்மன் பேசுவோரிடம் அந்த வடிவத்திலேயே சேர்ந்தது.

போர்த்துக்கீசியத்தில் குடும்பப்பெயருக்கு முன்னால் வரும்போது ஃபெர்னாந்தோ என்பது ‘ஃபெர்னாவ்’ என்று குறுகியது. 1519இல் புறப்பட்டு உலகைச் சுற்றிவந்த பயணத்தின் தலைவர் மெகல்லனின் முதற்பெயர் அதுவே. ஆப்பிரிக்காவின் மேற்கே பெர்னாண்டோ போ தீவும், பிரேசிலுக்கு அப்பால் பெர்னாண்டோ த நொரோஞா தீவுகளும் இந்தப் பெயர் கொண்ட இரு போர்த்துக்கீசியரின் நினைவாகப் பெயர் பெற்றன.

முத்துக்குளித்துறையில்

தமிழ்க் கடற்கரைக்கு இந்தப் பெயர் வந்த காலமும் வழியும் தெளிவாகத் தெரிகின்றன. வேம்பாறு முதல் குமரி வரையிலான கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். அங்கே முத்துக்குளித்தலிலும் மீன்பிடித்தலிலும் ஈடுபட்டிருந்த பரதவர்களுக்கும், முத்து வணிகத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த முஸ்லிம்களுக்கும் இடையே 1530களின் தொடக்கத்தில் கடும் மோதல் மூண்டது. பரதவத் தலைவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். அந்தப் பேச்சுக்கு இடைநின்றவர் ஏற்கெனவே கிறிஸ்தவராகியிருந்த ஜுவாம் த குரூஸ் என்ற குதிரை வணிகர். 1535இல் பரதவத் தலைவர்களின் குழு ஒன்று கொச்சிக்குச் சென்று ஞானஸ்நானம் பெற்றது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மிகேல் வாஸ் என்ற குருவும் அவருடன் வந்தவர்களும் கரையோர ஊர்களில் சுமார் 20,000 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

இத்தனை பேருக்கும் கிறிஸ்தவப் பெயர் தேவைப்பட்டது. ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயரையோ, ஞானஸ்நானம் கொடுத்த குருவின் பெயரையோ, அவர்களிடையே பெருவழக்காக இருந்த பெயரையோ இட்டார்கள். பெயரிடல் எப்படி நடந்தது என்பதற்குப் புனித சவேரியாரே சான்று தருகிறார். 1542இல் இக்கரைக்கு வந்த அவர், 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அதைப் பற்றி 1545 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஞானஸ்நானம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் அவரவர் புதிய பெயரை எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறார். ஆண்கள் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், மனைவியரையும் பிள்ளைகளையும் அனுப்பினார்கள். அவர்களுக்கும் அதே முறையில் பெயர் எழுதிக் கொடுக்கப்பட்டது. தங்கள் நாவுக்குப் பழக்கமில்லாத பெயரை மக்கள் மறந்துவிடாதிருக்க இது வழியாயிற்று.

அந்தக் காலத்தில் வந்த பெயர்களைப் பார்த்தால், கோத்துகளும் ரோமர்களும் ஸ்பெயினில் கலந்த கதை தமிழ்க் கரையின் குடும்பப்பெயர்களில் அப்படியே பதிந்திருப்பது தெரியும். பர்னாந்து, ரொட்ரிகோ இரண்டும் கோத்துப் பெயர்கள். கோமஸ் என்ற பெயரில் மனிதன் என்று பொருள்படும் ‘குமா’ என்ற கோத்துச் சொல் இருப்பதாகக் கருதுகிறார்கள். லத்தீன் வழி வந்தவை இன்னும் பல: சிலுவை என்று பொருள்படும் குரூஸ், காடு என்று பொருள்படும் சில்வா, பேரிக்காய் மரத்தைக் குறிக்கும் பெரேரா, வெற்றி என்னும் விக்டோரியா, வார்த்தோல் என்ற சொல்லிலிருந்து வந்த கொரைரா.

இவற்றில் பர்னாந்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. போர்த்துக்கலில் ஃபெர்னாந்தோ என்பது முதற்பெயர், குடும்பப்பெயர் ஃபெர்னாந்திஸ். கோவாவிலும் மங்களூரிலும் ஃபெர்னாண்டிஸ் என்பதே குடும்பப்பெயராக நிலைத்தது. தமிழ்க் கரையிலும் இலங்கையிலும் விகுதி இல்லாத பர்னாந்துவே குடும்பப்பெயராயிற்று. தந்தையின் பெயரை எந்த விகுதியும் சேர்க்காமல் தன் பெயரோடு வைத்துக்கொள்வது தமிழரின் பெயரிடல் முறைக்கும் பொருந்திப் போகிறது.

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினார்கள். போர்த்துக்கீசியரின் ஆட்சி இந்தக் கரைகளில் முடிந்தது. கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை வந்தது, கோயில்கள் பறிபோயின. ஆனால் பரதவர்கள் தங்கள் நம்பிக்கையையும் பெயர்களையும் விடவில்லை. 589க்குப் பிறகு ஸ்பெயினில் கோத்து மொழி மறைந்தும் பெயர் நின்றதைப் போலவே, இங்கும் போர்த்துக்கீசியர் போன பிறகு பெயர் நின்றது. சாதித் தலைவர்களின் குடும்பத்தில் ‘தொன்’ என்ற பட்டமும் குரூஸ் என்ற பெயரும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன.

கோத்து, லத்தீன் என்ற இரண்டு மரபுகளும் ஒரே மனிதரின் பெயரில் சேர்ந்ததும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, குடிநீருக்குத் தவித்த அந்த ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்தவர். அவர் பெயரின் முற்பகுதி லத்தீன், பிற்பகுதி கோத்து. நகரம் அவருக்குச் சிலை வைத்துப் போற்றுகிறது.

இலங்கையில்

போர்த்துக்கீசியர் இலங்கைக்கு வந்தது 1505இல். 1557இல் கோட்டை அரசன் தர்மபாலன் தொன் ஜுவாம் என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றான். அதையொட்டிய ஆண்டுகளில் மேற்குக் கரையின் கரையார் சமூகத்தினர் பெருமளவில் கிறிஸ்தவரானார்கள். சிங்களத்தில் கராவ என்று இவர்களைச் சொல்வார்கள். இங்கும் பர்னாந்து பெருவாரியாகப் பரவியது. பழைய குலப்பெயரையும் அவர்கள் விடவில்லை. வர்ணகுலசூரிய, குருகுலசூரிய, மிஹிந்துகுலசூரிய ஆகிய குலப்பெயர்களை முன்னே வைத்து, பெர்னாண்டோ என்பதைப் பின்னே சேர்த்து எழுதுகிறார்கள்.

ஒல்லாந்தர் காலத்தில் ஊர்தோறும் பள்ளிகளில் தோம்பு எனப்பட்ட பதிவேடுகளை வைத்தார்கள். பிறப்பும் திருமணமும் அவற்றில் பதியப்பட்டன. சொத்துரிமைக்கு அந்தப் பதிவு தேவைப்பட்டதால், ஏட்டில் ஏறிய பெயரே குடும்பத்தின் பெயராக உறுதிப்பட்டது. பின்னாளில் புராட்டஸ்தாந்து சபைகளில் சேர்ந்தவர்களும், பௌத்தத்தைத் தழுவியவர்களும் பெர்னாண்டோவைக் கைவிடவில்லை. இன்று இலங்கையில் அது மதத்தையோ மொழியையோ காட்டும் பெயர் அல்ல. தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் பௌத்தரும் அதைத் தாங்குகிறார்கள். அந்நாட்டின் மிகப் பரவலான குடும்பப்பெயர்களில் அது ஒன்று.

கரைகளில் பெற்ற ஒலி

பெயரின் தமிழ் வடிவங்கள் அது வந்த வழியைக் காட்டுகின்றன. தமிழில் ஃபகரம் இல்லாததால் அது பகரமாயிற்று. போர்த்துக்கீசியத்தில் பெயரின் கடைசி ஓகாரம் உகரம்போலத் தேய்ந்து ஒலிக்கும். அதில் உள்ள தகரம் பல்லைத் தொட்டு ஒலிக்கும். ‘பர்னாந்து’ என்ற வடிவத்தில் இந்த இரண்டும் அப்படியே இருக்கின்றன. காதால் கேட்டதைக் கேட்டபடி சொன்னவர்களின் வடிவம் அது. ‘பெர்னாண்டோ’ என்பது பிற்கால வடிவம். ஆங்கில எழுத்தில் உள்ளதைக் கண்ணால் படித்து உச்சரித்ததால் டகரமும் ஓகாரமும் வந்தன. இன்றும் ஒரே குடும்பத்தில் பெரியவர்கள் பேச்சில் பர்னாந்து என்றும், பள்ளிச் சான்றிதழில் பெர்னாண்டோ என்றும் இருப்பதைக் காணலாம்.

சிங்களத்தில் இந்தப் பெயர் ‘ப்ரனாந்து’. இதிலும் பல்லொலித் தகரமும் ஈற்று உகரமும் இருக்கின்றன. ரகரம் மட்டும் உயிருக்கு முன்னால் நகர்ந்துவிட்டது. ஸ்பெயினின் 10ஆம் நூற்றாண்டு எழுத்தர்கள் ‘ஃபிரெதெனாந்துஸ்’ என்று எழுதியபோது அது நின்ற இடம் இதுவே. அங்கே ரகரம் பின்னால் போனதற்கும் இங்கே முன்னால் வந்ததற்கும் ஒன்றோடொன்று தொடர்பு இல்லை. அந்தந்த மொழி தன் இயல்புப்படி செய்த மாற்றங்கள் அவை.

பெயரின் இரு வேர்களும் குறித்த அமைதியும் துணிவும், அதைத் தாங்கியவர்களுக்குக் கடந்த ஆயிரம் ஆண்டுகளாகப் புலப்படாத பொருள்கள். கஸ்தீல் அரசனுக்கு அது பாட்டன் பெயர். லிஸ்பன்காரருக்கு ஒரு புனிதரின் பிறப்புப் பெயர். தூத்துக்குடியிலும் நீர்கொழும்பிலும் அது குடும்பத்தின் பெயர். உவரியிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் கச்சத்தீவிலும் அந்தோனியார் கோயில் திருவிழாவுக்குத் திரளும் மக்களில் பர்னாந்துகள் பலர். அவர்கள் கும்பிடும் புனிதரும் ஞானஸ்நானத்தில் அதே பெயரைப் பெற்றவர்தான்.